காற்றில் பத்தடி, கண்ணாடியில் மூவாயிரம் கிலோமீட்டர்

மயிலாப்பூரில் ஒரு பாட்டி, சிங்கப்பூரில் இருக்கும் பேத்தியோடு வீடியோவில் பேசிக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "ஒரு ஒயர் கிடையாது, ஒண்ணு கிடையாது, எதிர்ல உக்காந்த மாதிரி தெரியறா பாரு" என்று வியக்கிறார். பாட்டியின் வியப்பு நியாயமானது. ஒயர் பற்றிய தகவல் மட்டும் தவறு.

பாட்டியின் முகம் கைபேசியிலிருந்து கிளம்பி, டிவிக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு மினுக்கும் ரூட்டரை அடைகிறது. பத்தடி தூரம். காற்றுப் பயணம் அங்கே முடிந்துவிடுகிறது. ரூட்டரின் முதுகில் செருகிய கண்ணாடி இழை ஜன்னலோரமாக வெளியேறி, கம்பத்துக்குக் கம்பம் தொங்கி, தெருமுனைப் பெட்டிக்குள் நுழைந்து, சாலைக்கடியில் ஓடி, கடற்கரையில் இருக்கும் ஒரு கேபிள் நிலையத்துக்குப் போகிறது. அங்கிருந்து வங்காள விரிகுடாவின் தரையோடு தரையாகச் சிங்கப்பூர். கரையேறி, நகரத்தின் இழைகளில் புகுந்து, கடைசியாக ஒரு டவரின் உச்சியில்தான் பாட்டி மறுபடி காற்றில் குதிக்கிறார். சில நூறு மீட்டரில் பேத்தியின் கையில். மொத்தப் பயணம் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். அதில் காற்றில் போனது ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது.

கம்பியில்லாத் தொடர்பு என்று நாம் சொல்வது பெரும்பாலும் நீண்ட கம்பியின் நுனிதான். ஏன் இப்படி? காற்று எங்கும் இருக்கிறது, இலவசமாக இருக்கிறது. அதை விட்டுவிட்டுக் கடலுக்கடியில் எதற்காகக் கேபிள் போடுகிறோம்?

*

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடலடியில் கேபிள் போவது புதிதல்ல. 1871இலேயே மதராஸிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குத் தந்திக் கேபிள் இயங்கத் தொடங்கிவிட்டது. உள்ளே செம்பு, அதைச் சுற்றி, மலாய்க் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பாலிலிருந்து எடுத்த கட்டாபெர்ச்சா என்ற பிசின். ரப்பரின் பங்காளி. கடல்நீரில் கெடாத மின்காப்புக்கு அன்றைக்கு அதைவிட நல்ல பொருள் கிடையாது.

அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன், 1858இல், அயர்லாந்துக்கும் நியூஃபவுண்ட்லாந்துக்கும் இடையே அட்லாண்டிக் கடலில் முதல் கேபிளைப் போட்டிருந்தார்கள். விக்டோரியா அரசியார் அமெரிக்க அதிபருக்கு அனுப்பிய வாழ்த்துச் செய்தி 98 சொற்கள். அது போய்ச்சேர 16 மணி நேரம் ஆயிற்று. மின்சாரமோ மின்னல் வேகத்தில் போவது. பிறகு ஏன் இவ்வளவு தாமதம்?

இந்தச் சிக்கலை இயற்பியலாளர் வில்லியம் தாம்சன் முன்பே கணித்திருந்தார். பின்னாளில் கெல்வின் பிரபு என்று அறியப்பட்டவர் அவர்தான். நீண்ட கேபிள் என்பது வெறும் குழாய் அல்ல; மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் பாத்திரமும்கூட. ஒரு முனையில் சுருக்கென்று கொடுத்த துடிப்பு, மறுமுனையில் ஈரத்தாளில் எழுதிய மை போலப் பரந்து விரிந்து வரும். அடுத்த துடிப்பு அதன்மேல் கசியும். புள்ளி எது, கோடு எது என்று பிரித்தறிய வேண்டுமானால் ஒவ்வொரு எழுத்துக்கும் இடையே நிதானமாகக் காத்திருக்க வேண்டும். கேபிளின் நீளம் இரண்டு மடங்கானால் இந்தத் தொல்லை நான்கு மடங்காகும்.

கேபிள் நிறுவனத்தின் மின்பொறுப்பாளர் வைல்ட்மேன் வைட்ஹவுஸ் இதை ஏற்கவில்லை. அவர் படித்தது அறுவை மருத்துவம். செய்தி மெதுவாகப் போனால் ஓங்கித் தள்ளுவதுதான் வழி என்று எண்ணி, சுமார் 2,000 வோல்ட் மின்னழுத்தத்தைச் செலுத்தினார். மூன்று வாரங்களில் கேபிளின் கதை முடிந்தது. உரக்கப் பேசினால் புரிந்துவிடும் என்று நம்புகிற ஆசாமிகள் எல்லாத் துறையிலும் இருக்கிறார்கள். 1866இல் போட்ட கேபிளில் தடித்த செம்பும் நல்ல காப்பும் இருந்தன. மிகச் சிறிய மின்னோட்டத்தைக்கூட உணரும் தாம்சனின் கண்ணாடிக் கருவி மறுமுனையில் காத்திருந்தது. அந்தக் கேபிள் பிழைத்தது.

ஊடகத்தைப் பற்றிய முதல் பாடம் இதில் இருக்கிறது. தூரம் கூடக்கூட சிக்னல் மெலிகிறது. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதோடு அது உருவழிந்தும் போகிறது. மெலிந்ததைப் பெருக்கிவிடலாம். கலங்கியதைத் தெளிய வைப்பது கடினம்.

*

தரைமேல் இருந்த தொலைபேசிக் கம்பிகளுக்கு வேறு வியாதி. பக்கத்தில் போகும் டிராம் லைன், மின்சாரக் கம்பி, இன்னொருவரின் தொலைபேசிக் கம்பி எல்லாவற்றின் இரைச்சலும் அதில் ஏறிக்கொள்ளும். 1881இல் கிரஹாம் பெல் காப்புரிமை பெற்ற மருந்து மிக எளியது: இரண்டு கம்பிகளை எடுத்துக் கயிறு திரிப்பது போல முறுக்கிவிடுவது.

முறுக்கினால் என்ன ஆகும்? செய்தி இரண்டு கம்பிகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசமாகப் போகிறது. வெளியிலிருந்து வரும் இரைச்சலுக்கு ஒரு கம்பி சற்றுப் பக்கம், மற்றது சற்றுத் தூரம். முறுக்கு ஏற ஏற இந்த அண்மை மாறி மாறி வரும். மொத்தத்தில் இரண்டும் ஒரே அளவு இரைச்சலை வாங்கியிருக்கும். மறுமுனையில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் இரைச்சல் சுழியாகி, செய்தி மட்டும் மிஞ்சும். அலுவலகக் கணினியின் பின்னால் செருகியிருக்கும் அந்த நீலமோ சாம்பலோ நிறக் கேபிளின் தோலை உரித்துப் பாருங்கள். எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகள். கூர்ந்து பார்த்தால் ஒவ்வொரு ஜோடியின் முறுக்கும் வெவ்வேறு நெருக்கம். ஒன்றின் பேச்சு மற்றதன் காதில் விழாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. நூற்று நாற்பது வயதான யோசனை இன்றைக்கு நொடிக்குப் பல நூறு கோடி பிட்டுகளைச் சுமக்கிறது. ஆனால் நூறு மீட்டர் வரைதான்.

*

இனிக் காற்றுக்கு வருவோம். ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சன் என்ற பேராசிரியர் இருந்தார். பல்கலைக்கழகத்தின் பெரிய கணினி ஒரு தீவில். அதைப் பயன்படுத்த வேண்டியவர்கள் வேறு வேறு தீவுகளில். தொலைபேசி லைன்கள் மோசமாக இருந்தன. அதனால் ரேடியோவைக் கையிலெடுத்தார். 1971இல் இயங்கத் தொடங்கிய அந்த வலையமைப்புக்கு ஊர் வழக்கப்படி அலோஹாநெட் என்று பெயர்.

அதன் விதியைக் கேட்டால் சிரிப்பு வரும். அனுப்பத் தோன்றும்போது அனுப்பு. வந்து சேர்ந்தது என்று பதில் வந்தால் சரி. வராவிட்டால், வேறு யாரோ அதே நேரத்தில் பேசி இரண்டும் மோதியிருக்கின்றன என்று அர்த்தம். தாயம் உருட்டியது போல ஏதோ ஒரு நேரம் காத்திருந்து மறுபடி அனுப்பு. அவ்வளவுதான். நடுவர் இல்லாத பட்டிமன்றம். கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த முறையில் தடத்தின் திறனில் அதிகபட்சம் 18 சதவீதம்தான் பயன்படும். மிச்சமெல்லாம் மோதலிலும் மௌனத்திலும் வீண். ஆனாலும் வேலை நடந்தது.

இதைப் படித்த பாப் மெட்காஃப் என்ற இளைஞர் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் வேலை பார்த்தார். ஒரே கட்டடத்துக் கணினிகளை இணைக்க வேண்டியிருந்தது. சக ஆய்வாளர் டேவிட் பாக்ஸுடன் சேர்ந்து அவர் செய்த காரியம்தான் எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகப் பிடித்தது. ஆகாயத்தை ஒரு கேபிளுக்குள் அடைத்தார். கேபிள் டிவிக்கு வருவது போன்ற கோஆக்ஸியல் கேபிள் ஒன்றைக் கட்டடம் முழுக்க ஓடவிட்டு, எல்லாக் கணினிகளையும் அதில் தொங்கவிட்டு, அலோஹாவின் அதே விதியைக் கொடுத்தார். 1973 மே மாதக் குறிப்பொன்றில் அதற்கு ஈதர்நெட் என்று பெயர் வைத்தார். ஒளி பரவ ஒரு ஊடகம் வேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு கற்பனை செய்துகொண்ட, பிறகு இல்லை என்று ஆகிவிட்ட அந்த ஈதர்தான். கம்பிக்குக் காற்றின் பெயர்.

ஆனால் கம்பியில் ஒரு வசதி கூடுதலாக இருந்தது. பேசுமுன் மற்றவர் பேசுகிறாரா என்று கேட்கலாம். பேசிக்கொண்டிருக்கும்போதே கேட்கலாம். மோதல் நடந்தால் உடனே தெரியும்; வாயை மூடிக்கொண்டு பிறகு முயலலாம். இந்த இங்கிதம் ஒன்றினாலேயே பயன்பாடு பல மடங்கு கூடியது.

வைஃபைக்குப் பேசிக்கொண்டே கேட்கும் வசதி கிடையாது. உங்கள் கைபேசி அனுப்பும் சிக்னலின் வலிமை, அதே நேரத்தில் அதற்கு வந்து சேரும் சிக்னலைப் போல நூறு கோடி மடங்குகூட இருக்கலாம். தன் தலைமேலேயே அதிர்வேட்டு வெடித்துக்கொண்டிருக்க, அடுத்த தெருவில் முணுமுணுப்பவர் பேச்சு எப்படிக் காதில் விழும்? போதாக்குறைக்கு, கூடத்தில் ரூட்டர், இந்த அறையில் நீங்கள், அந்த அறையில் தம்பி. உங்கள் இருவர் குரலும் ரூட்டருக்குக் கேட்கும். ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்காது. காற்று காலியாக இருக்கிறது என்று இருவருமே நினைத்துக்கொண்டு பேசுவீர்கள். அதனால் வைஃபை எதையும் நம்பாமல் பேசுகிறது. முதலில் கேட்கும், கொஞ்சம் காத்திருக்கும், அனுப்பும், ஒவ்வொரு சிறு பொட்டலத்துக்கும் பதில் வந்ததா என்று பார்க்கும். அட்டைப்பெட்டியில் அச்சிட்ட வேகத்துக்கும் கையில் கிடைக்கும் வேகத்துக்கும் உள்ள இடைவெளியில் ஒரு பங்கு இந்தத் தயக்கத்தில் போகிறது.

ஈதர்நெட் பிற்பாடு தன் பெயரின் அர்த்தத்தையே கைவிட்டது. எல்லோருக்கும் ஒரே கேபிள் என்பதை விட்டு, ஆளுக்கொரு முறுக்குக் கம்பியும் நடுவில் ஸ்விட்ச் என்ற பெட்டியும் வந்தன. போக ஒரு தடம், வரத் தனித் தடம். மோதலுக்கு இடமே இல்லை. ஆட்கள் கூடினால் இன்னொரு கம்பி இழுத்தால் போதும். காற்றுக்கு அந்த வழி கிடையாது. ஓர் ஊருக்கு ஒரு காற்றுதான். இன்னொன்றை இழுத்துவர முடியாது. கம்பி வீட்டுக் கிணறு, காற்று ஊர்க் குளம். எனக்குத் தெரிந்தவரை இரண்டுக்கும் இடையிலான அடிப்படை வேறுபாடு இதுதான். வேகம், விலை எல்லாம் அதற்கப்புறம்.

குளத்தில் யார் எப்போது இறங்கலாம் என்று அரசு படித்துறை பிரித்து ஏலம் விடுகிறது. அந்தப் படித்துறைகளுக்குத்தான் அலைக்கற்றை என்று பெயர். இந்தச் சொல்லை நமக்கு அறிமுகம் செய்தது இயற்பியல் பாடநூலா, 2ஜி வழக்கா என்பதை வாசகர் தீர்ப்புக்கே விட்டுவிடுகிறேன். ஏலமில்லாத பொதுத்துறை ஒன்றும் உண்டு: 2.4 கிகாஹெர்ட்ஸ். மைக்ரோவேவ் அடுப்புகள் புழங்கும் இடம் அது. தொலைத்தொடர்புக்கு உதவாது என்று ஒதுக்கியிருந்தார்கள். 1985இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் அங்கே உரிமம் இல்லாமலே வானொலிக் கருவிகள் இயங்கலாம் என்று கதவைத் திறந்தது. வைஃபை பிறந்தது அந்தப் புறம்போக்கில்தான். அங்கே ஒன்றன்மேல் ஒன்று விழாத தடங்கள் மூன்றே மூன்று. ஓர் அடுக்ககத்தில் இருபது ரூட்டர்கள் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. (அந்த அதிர்வெண்ணில் தண்ணீர் மூலக்கூறு ஒத்ததிர்வதால்தான் அடுப்பு வேலை செய்கிறது என்று பலர் சொல்வார்கள். தவறு. நீரின் ஒத்ததிர்வு அதைவிட வெகு உயரத்தில் இருக்கிறது.)

நெரிசலிலிருந்து தப்ப உயர்ந்த அதிர்வெண்களுக்குப் போகலாம். அங்கே இடம் தாராளம். 1890களிலேயே கொல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் மில்லிமீட்டர் அளவு அலைநீளமுள்ள மின்காந்த அலைகளை உண்டாக்கி ஆய்வு செய்திருக்கிறார். 5ஜிக்காகப் பேசப்படும் மில்லிமீட்டர் அலைகளின் தாத்தா அவை. ஆனால் அலை குட்டையாகக் குட்டையாகச் சுவரும் மரமும் மழையும் அதற்கு மலையாகிவிடும். ஐப்பசி மழை கொட்டும்போது மாடி டிஷ் ஆன்டெனாவில் படம் உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சுமார் இரண்டரை சென்டிமீட்டர் அலைக்கே அந்தப் பாடு. ஐந்து மில்லிமீட்டர் அலையைக் காற்றிலுள்ள ஆக்சிஜனே விழுங்கத் தொடங்கிவிடுகிறது. குளத்தில் இடம் இருக்கிற பக்கம் ஆழம் இல்லை.

*

ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்து விளிம்பின் வழியாகப் பக்கவாட்டில் பாருங்கள். பச்சையாகத் தெரியும். அது இரும்பு, மணலோடு வந்த கலப்படம். 1960களில் கண்ணாடிக்குள் ஒளியை அனுப்பிப் பேசலாம் என்ற யோசனைக்குக் குறுக்கே நின்றது இந்தப் பச்சைதான்.

ஒளியை இழைக்குள் வளைத்துக் கொண்டுபோவது அப்போதே தெரிந்த விஷயம். கிணற்றில் மூழ்கி அண்ணாந்து பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: தலைக்கு மேலே ஒரு வட்டத்தில் மட்டும் வானம், அதற்கு வெளியே நீர்ப்பரப்பு கண்ணாடி போல மின்னும். அடர்ந்த ஊடகத்திலிருந்து சாய்வாக வரும் ஒளி வெளியேற முடியாமல் முழுவதுமாகத் திரும்பிவிடுகிறது. முழு அக எதிரொளிப்பு என்று பள்ளியில் படித்தது. பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி லண்டனில் ஹாப்கின்ஸ் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து இழைக்கற்றை வழியாகப் படத்தையே கொண்டுபோய்க் காட்டி, 1954இல் நேச்சர் இதழில் எழுதியிருந்தார். ஆனால் அது உடலுக்குள் பார்க்கும் கருவிக்கு ஆகும். ஊருக்கு ஊர் பேச ஆகாது. அன்றைய நல்ல கண்ணாடியில் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1,000 டெசிபல் இழப்பு.

டெசிபல் என்றால் மிரள வேண்டாம். ஒவ்வொரு பத்து டெசிபலுக்கும் ஒளி பத்தில் ஒரு பங்காகும். அப்படியானால் 1,000 டெசிபல்? ஒன்றுக்குப் பின்னால் நூறு சுழி போட்ட அளவு ஒளித்துகள்களை அனுப்பினால் ஒன்று வந்து சேரும். நாம் காணும் பிரபஞ்சத்தின் மொத்த அணுக்களே ஒன்றுக்குப் பின் எண்பது சுழி அளவுதான் என்கிறார்கள்.

1966இல் இங்கிலாந்தின் ஹார்லோ நகர ஆய்வகத்தில் சார்லஸ் காவும் ஜார்ஜ் ஹாக்ஹாமும் ஒரு கட்டுரை எழுதினார்கள். குறை கண்ணாடியில் இல்லை, அதிலுள்ள அழுக்கில் இருக்கிறது, அழுக்கை நீக்கினால் கிலோமீட்டருக்கு 20 டெசிபலுக்குக் கீழே கொண்டுவரலாம், அது போதும். 20 டெசிபல் என்பது நூற்றில் ஒரு பங்கு மிஞ்சுவது. நான்கே ஆண்டுகளில் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் மௌரர், கெக், ஷுல்ட்ஸ் மூவரும் 17 டெசிபலைத் தொட்டுவிட்டார்கள். மணலை உருக்கும் பழைய வழியை விட்டு, ஆவியிலிருந்து சுத்தமான சிலிக்காவைப் படிய வைத்தார்கள். அந்தக் கண்ணாடித் தண்டைச் சூடேற்றி இழுத்தால், பாகு கம்பிப் பதத்துக்கு வந்தது போல முடியளவு இழையாக நீளும். காவுக்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்றைய இழையில் இழப்பு கிலோமீட்டருக்கு 0.2 டெசிபல் அளவு. பதினைந்து கிலோமீட்டர் தடிமனுள்ள கண்ணாடியைக் கடந்தும் பாதி ஒளி மிஞ்சுகிறது. கடல்நீர் இவ்வளவு தெளிவாக இருந்தால் எந்த ஆழ்கடலின் தரையையும் படகிலிருந்தே பார்க்கலாம். மிஞ்சியிருக்கும் அந்தச் சிறு இழப்பும் பெரும்பாலும் அழுக்கால் அல்ல. வானத்தை நீலமாக்கும் அதே ஒளிச்சிதறல்தான். நீலம் அதிகம் சிதறும், சிவப்பு குறைவாகச் சிதறும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு இன்னும் குறைவாக. அதனால்தான் பாட்டியின் முகம் கடலடியில் அகச்சிவப்பு ஒளியாகப் போகிறது. ஐம்பது, நூறு கிலோமீட்டருக்கு ஓரிடத்தில், எர்பியம் என்ற அருமண் தனிமம் கலந்த இழைத்துண்டு ஒன்று அந்த ஒளிக்கு மறுபடி தெம்பூட்டுகிறது. அதற்கு மின்சாரம் வேண்டுமே? இழைகளைச் சுற்றி ஒரு செம்புக் குழாய், அதில் ஆயிரக்கணக்கான வோல்ட். செம்பை ஓய்வு பெற விடவில்லை.

2002இல், 1871இல் போலவே, சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஐ2ஐ என்ற இழைக் கேபிள் வந்தது. 2006இல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு அருகிலுள்ள கல்கிசைக்கு இன்னொன்று. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கு ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். அதுவரை அந்தத் தீவுகள் செயற்கைக்கோளை நம்பியிருந்தன. புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. ஏறி இறங்கவே கால் நொடி. கேள்வி கேட்டுப் பதில் வர அரை நொடி. பேச்சில் அரை நொடி மௌனம் என்பது கோபித்துக்கொண்டது போலத் தோன்றும். கண்ணாடியில் சென்னை–சிங்கப்பூர் தூரத்துக்கு ஆவது ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்குதான்.

காற்றுக்காக ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டால் அநியாயம். கண்ணாடிக்குள் ஒளியின் வேகம் நொடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர். காற்றில் மூன்று லட்சம். சிகாகோவுக்கும் நியூயார்க் வட்டாரத்துக்கும் இடையே பங்குச்சந்தைக்காரர்கள் 2010இல் பெருஞ்செலவில் நேர்கோட்டில் இழை பதித்தார்கள். அடுத்த சில ஆண்டுகளிலேயே மைக்ரோவேவ் டவர்களை வரிசையாக நட்டவர்கள் அதைச் சில மில்லிநொடிகளில் முந்திவிட்டார்கள். கொஞ்சம் செய்தி, மிக அவசரம் என்றால் காற்றுதான்.

*

கேபிளின் பலவீனம் அது ஓரிடத்தில் கிடப்பது. எங்கள் தெருவில் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிய ஜேசிபி ஒருமுறை இழையைக் கொத்திவிட்டது. வந்த ஊழியர் கையடக்கக் கருவி ஒன்றை இழையின் நுனியில் செருகி, "நானூத்தி இருபதாவது மீட்டர்ல கட் ஆகியிருக்கு சார்" என்றார். ஒளித்துடிப்பை அனுப்பி, அறுந்த முனையிலிருந்து எதிரொளித்து வரும் நேரத்தை அளக்கும் கருவி அது. இருண்ட கிணற்றில் கல்லைப் போட்டு ஆழம் பார்ப்பது மாதிரி.

கடலிலும் இதே கதைதான். உலகெங்கும் ஆண்டுக்கு 150 முதல் 200 வரை கேபிள் பழுதுகள். சுறா கடிப்பது செய்தியாகும். பெரும்பாலானவற்றுக்குக் காரணம் மீன்பிடி வலையும் நங்கூரமும். 2022 ஜனவரியில் டோங்கா தீவுகளில் கடலடி எரிமலை வெடித்தபோது ஃபிஜியோடு இணைத்திருந்த ஒரே கேபிளும் அறுந்து, அதைச் சரிசெய்ய ஐந்து வாரங்கள் ஆயின. செயற்கைக்கோள் கைகொடுத்தது உண்மை. ஆனால் ஒரு நாட்டின் பேச்சு முழுவதையும் அதனால் தாங்க முடியவில்லை.

சரிசெய்யும் முறை மட்டும் 1860களிலிருந்து அதிகம் மாறவில்லை. கப்பல் போய், கயிற்றில் கட்டிய கொக்கியைக் கடல்தரையில் இழுத்துக்கொண்டே வந்து, அறுந்த முனையை மாட்டி மேலே தூக்குகிறார்கள். மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் நீட்டிக் கிடக்கும் கேபிளின் இரு முனைகளையும் மேலே கொண்டுவந்தால் அவை ஒன்றையொன்று எட்டாது. நடுவில் புதிதாக ஒரு துண்டை ஒட்ட வேண்டும். இறக்கும்போது அந்தக் கூடுதல் நீளம் கடல்தரையில் ஒரு வளையமாகப் போய்ப் படுத்துக்கொள்கிறது. ஆகவே ஒவ்வொரு பழுதுக்குப் பிறகும் கேபிள் சில கிலோமீட்டர் வளர்கிறது. பாட்டியின் முகம் அந்த வளையத்தையும் சுற்றிக்கொண்டு, ஒரு நொடியில் லட்சத்தில் ஒன்றிரண்டு பங்கு தாமதமாகச் சிங்கப்பூர் போய்ச் சேர்கிறது.